அறுந்த நரம்பும் கரையும் குழாயும்: செயற்கைப் பாலிமர் எதுவரை உதவும்?

"முடங்கிய எலிகள் நடந்தன." 2021 நவம்பரில் இப்படி ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டுப் தலைமையிலான குழு, தண்டுவடத்தில் கடுமையாகக் காயம்பட்ட சுண்டெலிகளுக்கு ஒரு திரவத்தை ஒரே ஒரு முறை ஊசி மூலம் செலுத்தியது. உள்ளே போனதும் அந்தத் திரவம் மெல்லிய இழைகளின் வலையாகத் திரண்டது. நான்கு வாரத்தில் அந்தச் சுண்டெலிகள் நடந்தன.

இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குழப்பங்கள் சேர்ந்தே வருகின்றன. தண்டுவடக் காயத்தையும் கையில் அறுந்த நரம்பையும் ஒரே சங்கதியாக எடுத்துக்கொள்வது முதல் குழப்பம். ஏதோ ஒரு பிளாஸ்டிக் பொருள் நரம்பை 'வளர்க்கிறது' என்று நினைப்பது இரண்டாவது. வளர்வது நரம்புதான். பாலிமர் அதற்கு இடம் பிடித்து வைக்கிறது, திசை காட்டுகிறது, வேலை முடிந்ததும் இடத்தைக் காலி செய்கிறது. இந்த மூன்றில் கடைசி வேலைதான், அதாவது சரியான நேரத்தில் காலி செய்வதுதான், வடிவமைப்பவர்களை அதிகம் படுத்துகிறது. ஏன் என்று புரிய, நரம்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

நரம்புக்குள் என்ன இருக்கிறது

மின்கம்பி அறுந்தால் இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்துவிடலாம். உடனே மின்சாரம் ஓடும். நரம்பில் அது நடக்காது. அது உயிருள்ள செல்களின் நீட்சி.

கையில் ஓடும் ஒரு நரம்பைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், வெளி உறைக்குள் பல சிறு கட்டுகள் தெரியும். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் நுண்ணிய இழைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அந்த இழைக்கு ஆக்சான் என்று பெயர். ஒவ்வொரு ஆக்சானும் ஒரு நரம்பு செல்லின் நீண்ட வால். செல்லின் உடல் இருப்பது தண்டுவடத்திலோ அதை ஒட்டிய நரம்பு முடிச்சிலோ. பாதம்வரை போகும் ஆக்சான் சுமார் ஒரு மீட்டர் நீளம் இருக்கும். தடிமனோ 20 மைக்ரானைத் தாண்டாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்.

ஆக்சானைச் சுற்றிக் காவலுக்கு நிற்பவை ஷ்வான் செல்கள். பல ஆக்சான்களுக்கு மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றிவிடுபவையும் இவைதான். இந்தச் செல்லின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நரம்புச் சீரமைப்பில் பாதிக்கு மேல் வேலை இதனுடையது.

இன்னொரு பிரிவினையும் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கை, கால், முகம் என்று கிளம்பிப் போகிறவை புற நரம்புகள். புற நரம்புக்கு மறுபடி வளரும் திறன் இயற்கையாகவே உண்டு. மைய நரம்பு மண்டலத்துக்கு அது கிட்டத்தட்ட இல்லை.

அறுந்த பிறகு நடப்பது

எல்லா நரம்புக் காயமும் அறுபடுவது ஆகாது. அழுத்தத்தால் மரத்துப்போன நரம்பு வாரங்களில் தானாகச் சரியாகலாம். உறை அப்படியே இருந்து உள்ளே ஆக்சான் மட்டும் அறுந்திருந்தால், மெதுவாக என்றாலும் நன்றாகவே மீளும். 1943-ல் ஹெர்பர்ட் செட்டன் இப்படி மூன்று நிலைகளாகப் பிரித்தார். அதில் மூன்றாவது, நரம்பு முழுதாகத் துண்டாவது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. துண்டான நரம்பில் நடப்பவை, வரிசையாக:

1. காயத்துக்குக் கீழே உள்ள ஆக்சான் செத்துவிடும். செல் உடலிலிருந்து வரும் போக்குவரத்து நின்றுபோவதால் அது சில நாட்களில் துண்டு துண்டாகச் சிதைகிறது. தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி இதை 1850-ல் விவரித்தவர் அகஸ்டஸ் வாலர்; இன்றும் அவர் பெயரில்தான் இந்தச் சிதைவை அழைக்கிறார்கள்.

2. குப்பை அகற்றப்படும். ஷ்வான் செல்களும் மேக்ரோபேஜ் என்ற துப்புரவு செல்களும் சிதைந்த மயலினை விழுங்குகின்றன.

3. ஷ்வான் செல்கள் பெருகி, காலியான உறைகளுக்குள் நீளவாட்டில் வரிசை கட்டுகின்றன. வரப்போகும் ஆக்சானுக்கான தடம் இதுதான். கூடவே, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களையும் சுரக்கின்றன.

4. மேல் முனையிலிருந்து ஆக்சான் மறுபடி துளிர்க்கும். அதன் நுனியில் கை விரித்ததுபோல ஒரு அமைப்பு உண்டு. அது தொட்டுத் தொட்டுப் பார்த்து, பிடிப்பு கிடைக்கும் பக்கம் நகரும். இந்த வளர்கூம்பை முதலில் கண்டு விவரித்தவர் ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால்.

5. தடம் கிடைக்காவிட்டால் ஆக்சான்கள் திசை தெரியாமல் சுருண்டு ஒரு முடிச்சாகிவிடும். நியூரோமா என்ற அந்த முடிச்சைத் தொட்டாலே சிலருக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

ஆக, உடலே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் முடியாதது ஒன்றுதான்: இடையில் விழுந்த வெற்றிடத்தைத் தாண்டுவது.

நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

மனிதரில் ஆக்சான் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். இந்த ஓர் எண்ணிலிருந்து பல விஷயங்கள் தானாகப் புரியும்.

மணிக்கட்டில் நரம்பு அறுந்தவரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து கட்டைவிரலின் அடித் தசைக்கு ஏழெட்டு சென்டிமீட்டர்தான். எல்லாம் நன்றாக நடந்தால் மூன்று மாதத்தில் ஆக்சான் தசையைத் தொட்டுவிடும். அதே நரம்பு தோளுக்குக் கீழே அறுந்தால் கைத் தசைவரை அரை மீட்டருக்கு மேல் போக வேண்டும். 500 நாட்களுக்கு மேல்.

அதுவரை தசை காத்திருக்குமா? அதில்தான் சிக்கல். நரம்பின் கட்டளை வராத தசை மெலிந்துகொண்டே போகும். ஆக்சான் வந்து இணைய வேண்டிய இடமும் கெட்டுப்போகும். பொதுவாக 12 முதல் 18 மாதங்களைத் தாண்டினால், நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை இயங்குவதில்லை. கீழே காத்திருக்கும் ஷ்வான் செல்களுக்கும் இதே கதிதான். மாதக்கணக்கில் ஆக்சானைப் பார்க்காவிட்டால் அவை புரதம் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன.

தையல், ஒட்டு, குழாய்

இரண்டு முனைகளும் இழுவை இல்லாமல் ஒட்டுமானால் நேரடியாகத் தைப்பதே சிறந்த வழி. தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால், நுண்ணோக்கிக்குக் கீழே, வெளி உறையை மட்டும் பிடித்துத் தைப்பார்கள். இழுத்துத் தைக்கக் கூடாது. நரம்பை அதன் நீளத்தில் 8 சதவீதம் இழுத்தாலே அதற்குள் ரத்தம் திரும்பும் ஓட்டம் தடைபடத் தொடங்கும். 15 சதவீதத்தில் ரத்த ஓட்டமே நின்றுவிடும் என்று லுண்ட்போரி, ரைடெவிக் என்ற இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1973-ல் முயல்களில் காட்டினார்கள்.

இடைவெளி பெரிதாக இருந்தால் நரம்பு ஒட்டு. நோயாளியின் கெண்டைக்காலில் ஓடும் ஒரு உணர்வு நரம்பை எடுத்துத் துண்டுகளாக்கி இடையில் வைத்துத் தைப்பார்கள். அந்தத் துண்டில் உறைகள் இருக்கின்றன, தடம் இருக்கிறது, உயிருள்ள ஷ்வான் செல்கள் இருக்கின்றன. செயற்கையாக எதைச் செய்தாலும் இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விலையும் உண்டு: பாதத்தின் வெளிப்பக்கம் நிரந்தரமாக மரத்துப்போகும், இன்னொரு இடத்தில் தழும்பு, அப்புறம் எடுக்கக்கூடிய நரம்பின் நீளத்துக்கும் ஓர் எல்லை.

மூன்றாவது வழி குழாய். அறுந்த இரண்டு முனைகளையும் ஒரு சிறு குழாயின் இரண்டு வாய்க்குள் நுழைத்து நிறுத்துவது. யோசனை பழையது, 1880-களிலேயே சுண்ணாம்பு நீக்கிய எலும்புக் குழாயை வைத்து முயன்றிருக்கிறார்கள். எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. பயன்படும் நிலைக்கு அது வந்தது செயற்கைப் பாலிமர்கள் வந்த பிறகுதான்.

அறுவை அரங்கில் இது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். விரல் நரம்பின் குறுக்களவு 1 முதல் 2 மில்லிமீட்டர். நரம்பு பிறகு வீங்கும் என்பதால் குழாயின் உள்வாய் அதைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் குழாயே நரம்பை நெரித்துவிடும். ஊசி குழாயின் சுவருக்கு வெளியிலிருந்து உள்ளே போய், நரம்பின் உறையை ஒரு கவ்வு கவ்வி, மறுபடி வெளியே வரும். நூலை இழுக்கும்போது நரம்பு முனை ஓரிரு மில்லிமீட்டர் குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு நுழையும். இரண்டு பக்கமும் முடிந்ததும் உள்ளே உப்புநீரை நிரப்பி, காற்றுக் குமிழும் ரத்தக் கட்டும் தங்காமல் பார்த்துக்கொள்வார்கள். லாக்டைடு, கேப்ரோலாக்டோன் என்ற இரண்டு வேதிப்பொருட்களைச் சேர்த்துச் செய்த பாலிமர் குழாய் என்றால் அறை வெப்பத்தில் அது விறைப்பாக இருக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்த பிறகே ஊசி இறங்கும்.

குழாய்க்குள் முதல் வாரம்

இந்தத் துறை முழுக்க இந்த ஒரு வாரத்தைச் சுற்றித்தான் நடக்கிறது என்று சொன்னாலும் தகும்.

இதை விளக்கிய சோதனைகள் 1980-களின் தொடக்கத்தில் லுண்ட்போரி குழு சிலிக்கோன் குழாய்களை வைத்து எலிகளில் செய்தவை. முதல் சில மணி நேரத்தில் அறுந்த முனைகளிலிருந்து கசியும் திரவம் குழாயை நிரப்புகிறது. அதில் ரத்தம் உறையப் பயன்படும் ஃபைப்ரின் புரதமும் வளர்ச்சிப் புரதங்களும் இருக்கும். ஒரு வாரத்துக்குள் ஃபைப்ரின் திரண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு மெல்லிய வடமாகிறது. இரண்டு பக்கமிருந்தும் செல்கள் அந்த வடத்தின் மேல் ஏறிப் போகின்றன. அதற்குப் பிறகே ஆக்சான், கடைசியில் மயலின்.

இடைவெளி நீளும்போது வடம் நடுவில் மெலிகிறது. இன்னும் நீண்டால் உருவாகவே செய்யாது. எலியில் 10 மில்லிமீட்டர் இடைவெளியை வெறுங்குழாயே தாண்டவைக்கும். 15 மில்லிமீட்டரில் பெரும்பாலும் தோற்றுவிடும். மனிதரில் வெற்றுக் குழாய்க்கான நடைமுறை எல்லையாக மருத்துவர்கள் வைத்திருப்பது சுமார் 3 சென்டிமீட்டர்.

செல்கள் எதைப் பிடித்துக்கொண்டு போகின்றன என்பது 2015-ல் இன்னும் தெளிவானது. அறுந்த இடத்தில் ஆக்சிஜன் குறைவதை முதலில் உணர்பவை மேக்ரோபேஜ்கள். அவை ஒரு சமிக்ஞைப் புரதத்தை வெளிவிடுகின்றன. அதைக் கேட்டுப் புது ரத்த நாளங்கள் இடைவெளிக்குள் வளர்கின்றன. ஷ்வான் செல்கள் அந்த நாளங்களைப் பிடித்துக்கொண்டு ஊர்கின்றன, ஆக்சான்கள் ஷ்வான் செல்களைப் பின்தொடர்கின்றன. ஆகவே நல்ல குழாய் என்பது முதலில் ரத்த நாளத்துக்கு நல்ல குழாயாக இருக்க வேண்டும். ரத்த நாளத்திலிருந்து ஒன்றிரண்டு நூறு மைக்ரான் தூரத்துக்கு மேல் ஆக்சிஜன் ஊடுருவாது. அதைத் தாண்டிய செல்கள் மூச்சு முட்டிச் சாகும். நீளமான குழாயின் நடுப்பகுதி பொட்டலாகிப் போவதற்கு இது பெரிய காரணம். எந்தப் புரதத்தைக் கலந்தார்கள் என்று செய்திகள் பெரிதாக எழுதுகின்றன. குழாயின் சுவரில் துளை இருந்ததா, எவ்வளவு அகலம் என்பதும் அதே அளவு முக்கியம்.

சிலிக்கோன் ஏன் கைவிடப்பட்டது

சிலிக்கோன் குழாயில் நரம்பு வளர்ந்தது. மனிதரிலும் முன்கை நரம்புகளில் பயன்படுத்தினார்கள். ஆனால் சிலிக்கோன் கரையாது. நரம்பு வளர்ந்து தடித்த பிறகும் அது அங்கேயே இருக்கும்; சிலருக்கு உறுத்தலும் அழுத்தமும் வந்து, குழாயை எடுப்பதற்கென்று இன்னொரு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. கரையும் பாலிமர்களின் பக்கம் துறை திரும்பியது இதனால்தான்.

பாலிமரை வடிவமைப்பது என்றால் என்ன

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் மணிமாலைபோலக் கோத்த நீண்ட சங்கிலி. எந்த மணி, எந்த வரிசை, எவ்வளவு நீளம் என்பதை வேதியியலாளர் முடிவு செய்கிறார். கொலாஜன் மாதிரி இயற்கைப் பொருட்களைவிடச் செயற்கைப் பாலிமருக்கு இருக்கும் மேன்மை இந்தக் கட்டுப்பாடுதான். அதில் நான்கு முடிவுகள் முக்கியம். அவை ஒன்றோடொன்று மோதும்.

1. எப்போது கரைய வேண்டும்

அதிகம் பயன்படும் பாலிமர்களில் மணிகளைக் கோப்பது எஸ்டர் பிணைப்பு. தண்ணீர் அந்தப் பிணைப்பை மெல்ல மெல்ல வெட்டும். இதுதான் நீராற்பகுப்பு. வெட்டுப்பட்ட துண்டுகள் லாக்டிக் அமிலம், கிளைக்காலிக் அமிலம் போன்றவை. உடலுக்கு அவற்றைக் கையாளத் தெரியும்.

பாலிகிளைக்காலிக் அமிலம், சுருக்கமாகப் பிஜிஏ, தண்ணீரை எளிதில் உள்ளே விடும். சில வாரங்களில் வலுவிழந்து சில மாதங்களில் மறைந்துவிடும். கரையும் தையல் நூலாக அறுவை சிகிச்சையில் நெடுங்காலம் இருக்கும் பொருள் இது. பாலிலாக்டிக் அமிலம் (பிஎல்ஏ) அதிலிருந்து ஒரே ஒரு சிறு வித்தியாசம் கொண்டது: ஒவ்வொரு மணியிலும் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி. அது தண்ணீரைத் தள்ளிவைப்பதால் கரைய ஓராண்டுக்கு மேலும் எடுக்கலாம். இரண்டையும் கலந்து கோத்தால் பிஎல்ஜிஏ. பாதிக்குப் பாதி கலவை ஒன்றிரண்டு மாதத்தில் சிதையும், லாக்டிக் பங்கு கூடக்கூட ஆயுளும் கூடும். பாலிகேப்ரோலாக்டோன் (பிசிஎல்) மென்மையானது, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் தங்கும்.

அப்படியானால் 2 சென்டிமீட்டர் இடைவெளிக்கு எது? ஆக்சான் அதைத் தாண்ட மூன்று வாரமாவது வேண்டும், வடம் உருவாகிச் செல்கள் ஏறும் தொடக்க நாட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நரம்பு தடிக்கும்போது குழாய் இளக வேண்டும். மூன்று மாதம் உறுதியாக நின்று, பிறகு விரைவாகப் போய்விடும் பொருள்தான் நல்லது. பிஜிஏ கொஞ்சம் சீக்கிரம் போகிறது. பிசிஎல் மிக நெடுநாள் தங்குகிறது.

கரையும் விதமும் முக்கியம். குளியல் சோப்பு மேற்பரப்பிலிருந்து தேயும். அதன் உருவம் சிறுத்தாலும் மிச்சமிருப்பது உறுதியாக இருக்கும். பிஎல்ஜிஏ அப்படியில்லை. செல்லரித்த மரக்கட்டை மாதிரி, வெளியே உருவம் மாறாமல் உள்ளே வலு போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நொறுங்கும். தடித்த சுவருக்குள் சிக்கிய அமிலம் வெளியேற வழியில்லாமல் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தால் வெளிவரும் அமிலம் அக்கம்பக்கத்துச் செல்களைச் சுடும். இளம் ஆக்சான் இருக்கும் இடத்தில் அது நடக்கவே கூடாது. சோப்பைப்போல மேலிருந்து தேயும் பாலிமருக்கு ஓர் உதாரணம், ராபர்ட் லாங்கரின் குழு 2002-ல் வெளியிட்ட பாலி கிளிசரால் செபகேட். ரப்பரைப்போல நீளும் குணமும் அதற்கு உண்டு.

2. எவ்வளவு மென்மை

விரலை மடக்கும்போதெல்லாம் நரம்பு நீள்கிறது, வழுக்குகிறது. அதன் பக்கத்தில் விறைப்பான குழாய் இருந்தால் வாய் விளிம்பில் ஒவ்வொரு அசைவுக்கும் உராயும். ரொம்ப இளகலாக இருந்தால் மடங்கி உள்வழி அடைபடும்.

செல்லும் மென்மையைத் தொட்டு உணர்கிறது. 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரே வகைக் குருத்தணுக்களை (வெவ்வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்கள்) வெவ்வேறு உறுதியுள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். மூளை அளவுக்கு மென்மையான, 1 கிலோபாஸ்கலுக்குக் குறைவான ஜெல்லில் அவை நரம்பு செல்லின் சாயலைக் காட்டின. நடுத்தர உறுதியில் தசையின் சாயல், இன்னும் உறுதியானதில் எலும்பின் சாயல். அதனால் வெளிச்சுவருக்கு உறுதியான பாலிமர், உள்ளே நிரப்ப மிக மென்மையான ஹைட்ரோஜெல் என்று இரண்டாகப் பிரித்து வடிவமைப்பது சரியான போக்கு என்றே தோன்றுகிறது. ஹைட்ரோஜெல் என்பது தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் வலை.

3. எந்தத் திசை

ஆக்சானுக்குத் தேவை நீளவாட்டில் ஒரு பிடிமானம். மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை இழையாக இழுத்து, அந்த இழைகளை ஒரே திசையில் படியவைக்க முடியும். ரவி பெல்லம்கொண்டாவின் குழு 2008-ல் எலிகளில் 17 மில்லிமீட்டர் இடைவெளியில் இதைச் சோதித்தது. அதே பாலிமர், அதே குழாய். இழைகள் ஒழுங்காக வரிசையில் இருந்த குழாய்களில் நரம்பு தாண்டி வளர்ந்தது, தாறுமாறாக இருந்தவற்றில் அந்த அளவுக்கு வளரவில்லை. வளர்ச்சிப் புரதம் எதுவும் சேர்க்கவில்லை. வடிவமே செய்தியாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

4. என்ன சமிக்ஞை

ஷ்வான் செல்லைச் சுற்றி லாமினின் என்ற பெரிய புரதம் உண்டு. ஆக்சான் அதைப் பிடித்துத்தான் நகர்கிறது. முழுப் புரதத்துக்குப் பதிலாக அதில் செல் பிடிக்கும் சின்னத் துண்டை மட்டும் பாலிமரில் ஒட்டலாம். ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஐகேவிஏவி அப்படி ஒரு துண்டு. ஸ்டுப் குழுவின் 2021 ஊசியில் இருந்த இரண்டு சமிக்ஞைகளில் ஒன்று அதுவே. அந்த ஆய்வின் உண்மையான புதுமை வேறு: சமிக்ஞைகளை மாற்றாமலே, இழைக்குள் மூலக்கூறுகள் அதிகம் அசையும்படி வடிவமைத்தபோது பலன் கூடியது.

இன்னொரு வழி, வளர்ச்சிப் புரதத்தைப் பாலிமர் நுண்மணிகளுக்குள் அடைத்து மெதுவாகக் கசியவிடுவது. பிட்ஸ்பர்க்கில் ஒரு குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தைக் கசியவிடும் நுண்மணிகள் கொண்ட பிசிஎல் குழாயை வைத்து, குரங்குகளின் கையில் 5 சென்டிமீட்டர் இடைவெளியைச் சீர்செய்தார்கள். ஓராண்டுக்குப் பின் கைச் செயல்பாடு நரம்பு ஒட்டுக்கு இணையாக இருந்தது. குரங்கு, கை, 5 சென்டிமீட்டர், ஓராண்டு என்று எல்லாமே மனிதருக்கு நெருக்கமாக இருப்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அளவு தவறினால் இதே புரதம் எதிராகத் திரும்பும்: புரதம் மிகுந்த இடத்திலேயே ஆக்சான்கள் தங்கிச் சுருண்டுவிடும், வெளியேறித் தசைக்குப் போகாது.

மின்சாரம் கடத்தும் பாலிமர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாலிபிரோல் படலத்தில் மின்தூண்டல் கொடுத்தால் நரம்பு போன்ற செல்களின் நீட்சி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று 1997-ல் காட்டினார்கள். ஆனால் பாலிபிரோல் கரைவதில்லை. தவிர, அறுவை சிகிச்சையின்போது நொடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரு மணி நேரம் நரம்பைத் தூண்டினாலே வளர்ச்சி முந்துகிறது என்று டெசா கோர்டனின் ஆய்வுகள் சொல்கின்றன. கடத்தும் பாலிமர் அதைவிட அதிகம் தருவதாக நிரூபித்தாக வேண்டும்.

மனிதரில் இதுவரை

பிஜிஏ குழாய்தான் கரையும் செயற்கைக் குழாய்களில் முன்னோடி. 2000-ல் வெளியான ஒரு ஒப்பீட்டு ஆய்வு 98 பேரின் 136 விரல் நரம்புகளைப் பார்த்தது. 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிய இடைவெளிகளிலும், 8 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தவற்றிலும், உணர்வு திரும்புவதில் பிஜிஏ குழாய் வழக்கமான முறையைவிட நன்றாக இருந்தது. இன்று பிஜிஏ, லாக்டைடு-கேப்ரோலாக்டோன் குழாய்களும், இயற்கைப் பொருளான கொலாஜன் குழாய்களும் அனுமதி பெற்றுப் புழக்கத்தில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் வெறுங்குழாய்கள். மேலே சொன்ன இழை, சமிக்ஞை, நுண்மணி எல்லாம் சேர்ந்த குழாய் இன்னும் அன்றாடச் சிகிச்சைக்கு வரவில்லை. வளர்ச்சிப் புரதம் சேர்ந்துவிட்டால் அது வெறும் கருவி அல்ல, மருந்தும்கூட. ஒப்புதலுக்கான சோதனைகள் பல மடங்காகும்.

தண்டுவடம் ஏன் வேறு கதை

1981-ல் கனடாவில் டேவிட், அகுவாயோ இருவரும் எலியின் மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே ஒரு புற நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தார்கள். மைய நரம்பு செல்களின் ஆக்சான்கள் அந்தப் பாலத்தில் 30 மில்லிமீட்டர்வரை வளர்ந்தன. மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டன. குறை ஆக்சானிடம் மட்டும் இல்லை, சூழலிலும் இருக்கிறது என்று அது காட்டியது. அங்கே சிதைந்த மயலின் மெதுவாகவே அகற்றப்படுகிறது. அதில் உள்ள நோகோ போன்ற புரதங்கள் வளர்ச்சியைத் தடுக்கின்றன. காயத்தைச் சுற்றித் தழும்பும் எழுகிறது.

அதனால் தண்டுவடத்துக்கான பாலிமரின் வேலை பாலம் போடுவதோடு முடிவதில்லை. தடையையும் தளர்த்த வேண்டும். பிஎல்ஜிஏ-வும் பாலிலைசின் என்ற இன்னொரு பாலிமரும் சேர்ந்த, நுண்துளைகள் கொண்ட தாங்கு அமைப்பு ஒன்று மனிதப் பரிசோதனைவரை போனது. ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2023-ல் வந்தபோது, முதன்மை இலக்கை அது எட்டியிருக்கவில்லை. எலிகளிலும் குரங்குகளிலும் நம்பிக்கை தந்த பொருள் அது.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. புற நரம்பா, தண்டுவடமா?

2. எந்த விலங்கு, எத்தனை மில்லிமீட்டர்? எலியில் 10 மில்லிமீட்டர் என்றால் வெறுங்குழாயே தாண்டவைக்கும் தூரம் அது. எலியின் நரம்பு தசையைத் தொட வாரங்களே போதும் என்பதால், மனிதத் தசையின் 18 மாதக் கெடு அங்கே சோதிக்கப்படவே இல்லை.

3. எதோடு ஒப்பிட்டார்கள்? வெறுங்குழாயோடா, நரம்பு ஒட்டோடா?

4. எதை அளந்தார்கள்? நுண்ணோக்கியில் ஆக்சான் எண்ணிக்கை கூடுவது ஒன்று. விரல் நுனியில் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக உணர்வதும், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவருவதும் வேறு. ஆயிரம் ஆக்சான் தவறான தசைக்குப் போய்ச் சேர்ந்தால் எண்ணிக்கை கூடும், கை வேலை செய்யாது.

5. காயத்துக்கு எவ்வளவு நேரம் கழித்துச் சிகிச்சை? 2021 சோதனையில் ஊசி போட்டது காயம்பட்ட 24 மணி நேரத்தில். பல ஆண்டுகளுக்கு முன்னர் காயம்பட்டவருக்கு அது எதையும் சொல்லவில்லை.

நேரத்தோடு போட்டியிடாத ஒரு முயற்சி

மேல்கை நரம்பு அறுந்தவருக்கு எவ்வளவு நல்ல குழாய் வைத்தாலும், குழாயைத் தாண்டிய பிறகு மிச்சமிருக்கும் அரை மீட்டரை ஆக்சான் அதே வேகத்தில்தான் நடந்து கடக்க வேண்டும். அதனால்தான் அறுவை மருத்துவர்கள் தசைக்குப் பக்கத்தில் ஓடும், இழந்தாலும் சமாளிக்கக்கூடிய வேறொரு நரம்புக் கிளையைத் திருப்பிவிட்டு இணைக்கிறார்கள்.

ஒரே ஒரு பாலிமர் மட்டும் இந்த நடையையே தவிர்க்கப் பார்க்கிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக். ஜார்ஜ் பிட்னர் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இதில் உழைத்துவருகிறார். அறுந்த முனைகளை ஒட்டவைத்து பெக் கரைசலை ஊற்றினால், அது செல் சவ்வுகளைச் சூழ்ந்த தண்ணீரை உறிஞ்சி, எதிரெதிர் ஆக்சான்களின் சவ்வுகளை ஒன்றோடொன்று உருகிச் சேரவைக்கிறது. கீழ்ப்பாதி ஆக்சான் சாவதற்கு முன் இணைந்துவிடுவதால் சிதைவு தொடங்குவதில்லை. மறுவளர்ச்சிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எலிகளில் பல முறை செய்து காட்டியிருக்கிறார்கள், சில நோயாளிகளின் விரல் நரம்புகளிலும் முயன்றிருக்கிறார்கள். எந்த ஆக்சான் எதனோடு சேரும் என்பதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. அதை மூளைதான் பிறகு பழகிக்கொள்ள வேண்டும். கீழ்ப்பாதி உயிரோடு இருக்கும் அந்தச் சில நாட்களுக்குள் காயம்பட்டவர் நுண்ணோக்கி உள்ள அறுவை அரங்குக்கு வந்து சேர்ந்திருக்கவும் வேண்டும்.